போட்டோ போட்ட நாவலும் மணலி புதுநகரும்

சர்ரியலிசம் என்றதும் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வருவது டாலியின் உருகி வழிகிற கடிகாரம். மீதிப் பேருக்கு, மாக்ரித் வரைந்த, மழைத்துளி மாதிரி வானத்தில் தொங்கும் தொப்பிக்கார ஆசாமிகள். (அந்த ஓவியத்தின் பெயர் 'கோல்கொண்டா'. ஆமாம், ஹைதராபாத் பக்கத்தில் கோட்டை இருக்கிறதே, அதே பெயர்தான்.) இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தின் தலைவர் தன் புத்தகத்துக்குள் போட்டோ போட்டால் அது எப்படி இருக்கும்? இரண்டு தலை மனிதன், பறக்கும் யானை, குறைந்தபட்சம் ஒரு பேய்?

அதுதான் இல்லை. ஆந்த்ரே பிரெத்தோன் 1928இல் வெளியிட்ட 'நாட்ஜா'வைத் திறந்தால் ஒரு ஹோட்டல் வாசல் இருக்கிறது. ஒரு புத்தகக் கடை இருக்கிறது. ஒரு சிலை, ஒரு மதுக்கடை, விறகும் கரியும் விற்கிற கடை ஒன்றின் போர்டு. ஏதோ வீட்டு புரோக்கர் எடுத்த படங்கள் மாதிரி இருக்கின்றன. பெரும்பாலான தெருப்படங்களில் ஆளே இல்லை, இருந்தாலும் கணக்கில் சேராத ஆள். முதல் பதிப்பில் இப்படி 44 படங்கள். 1963இல் பிரெத்தோனே திருத்தி வெளியிட்ட பதிப்பில் 48. போட்டோ மட்டுமல்ல, கடிதங்களும் கோட்டோவியங்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

முதல் தடவை புரட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கனவு, ஆழ்மனம், பித்து என்று நூறு பக்கம் பேசுகிற புத்தகத்தில் எதற்கு இந்த முனிசிபாலிட்டி ரெக்கார்டு படங்கள்?

இதற்குப் பதில் 1924லேயே இருக்கிறது. அந்த வருடம் எழுதிய முதல் சர்ரியலிச அறிக்கையில் பிரெத்தோன் நாவல்களில் வரும் வர்ணனையைக் கிழி கிழி என்று கிழிக்கிறார். மாட்டியவர் சாதாரண ஆள் இல்லை, தஸ்தயேவ்ஸ்கி. 'குற்றமும் தண்டனையும்' நாவலில் ஒரு அறையை வர்ணிக்கிற பத்தியை எடுத்துப்போட்டு, மஞ்சள் சுவர்க்காகிதமும் நாற்காலியும் யாருக்கு வேண்டும், இந்த அறைக்குள் நான் நுழையப்போவதில்லை என்கிற தோரணையில் எழுதுகிறார். அப்படிச் சொன்னவர் நான்கு வருடம் கழித்துப் பாரிஸ் தெருக்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தால் என்ன செய்வார்? தெருவை வர்ணிக்கமாட்டார். போட்டோவை ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். 1962 கிறிஸ்துமஸ் தேதியிட்டு எழுதிய முன்னுரையில், வர்ணனையை ஒழிப்பதற்காகத்தான் அத்தனை படங்கள் என்று அவரே விளக்கம் கொடுத்துவிட்டார்.

அதனால் அந்தப் படங்கள் அழகாக இருக்கக்கூடாது. அழகாக இருந்தால் அதுவும் ஒரு வர்ணனை ஆகிவிடும். இடங்களைப் பெரும்பாலும் எடுத்தவர் ழாக்-ஆந்த்ரே புவாஃபார். மருத்துவப் படிப்பிலிருந்து மான் ரேயிடம் உதவியாளராக வந்து சேர்ந்த ஆள். பிற்காலத்தில் கேமராவை வைத்துவிட்டு மறுபடி மருத்துவத்துக்கே போய் எக்ஸ்ரே டாக்டர் ஆகிவிட்டார். அவர் படங்களைப் பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. உணர்ச்சி காட்டாமல், நோயாளியின் முகத்தைப் பார்க்காமல், எலும்பை மட்டும் எடுத்த மாதிரிதான் தெருவை எடுத்திருக்கிறார்.

இன்னொரு சின்ன விஷயம். ஒவ்வொரு படத்தின் அடியிலும் புத்தகத்தில் வருகிற ஒரு வாக்கியத் துண்டும் பக்க எண்ணும் இருக்கும். கோர்ட்டில் கட்டு கட்டாக வைப்பார்களே சான்றாவணம், அந்த மாதிரி. 'இது நடந்தது. இங்கேதான் நடந்தது. நம்பாவிட்டால் போய்ப் பார்.' ஆனால் போய்ப் பார்த்தால் வெறும் தெருதான் இருக்கும். நடந்தது போட்டோவில் இல்லை, எழுத்தில்தான் இருக்கிறது. எழுத்தைப் படித்துவிட்டுப் படத்துக்குத் திரும்பினால் அந்தக் காலித் தெரு என்னவோ செய்கிறது. சர்ரியலிச இலக்கியத்தில் போட்டோவின் வேலை இதுதான். போட்டோ கனவைக் காட்டாது. கனவு நடந்த விலாசத்தைக் காட்டும்.

இந்த வித்தையை அவர்கள் கற்றுக்கொண்டது ஒரு கிழவரிடமிருந்து என்றே சொல்லலாம். யூஜின் அத்ஜே, மான் ரே இருந்த அதே தெருவில் குடியிருந்தவர். ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் பழைய பாரிஸின் படங்களை விற்றுப் பிழைத்தவர். 1912 ஏப்ரலில் சூரிய கிரகணத்தை அண்ணாந்து பார்க்கும் ஒரு கூட்டத்தை அவர் எடுத்திருந்தார். 1926 ஜூனில் சர்ரியலிஸ்டுகள் அதைத் தங்கள் பத்திரிகையின் அட்டையில் போட்டார்கள். கிரகணத்தைப் பற்றி மூச்சு விடாமல், மதம் மாறும் கூட்டம் என்று தலைப்பையும் மாற்றிவிட்டார்கள். அத்ஜே கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: தன் பெயர் வேண்டாம். தான் எடுப்பது வெறும் ஆவணம் என்பது அவர் கட்சி. ஆவணமாகவே இருப்பதால்தான் அது கனவு மாதிரி இருக்கிறது என்பது இவர்கள் கட்சி. இரண்டு பேரும் ஒரே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, தமிழில்?

தமிழில் சர்ரியலிசம் என்றால் பாடப்புத்தகம் கவிக்கோ அப்துல் ரகுமானின் 'பால்வீதி'யில் (1974) ஆரம்பிக்கும். கவிதைக்குப் போட்டோ தேவைப்படவில்லை. உரைநடையில் அந்த முத்திரையை யாரும் குத்திக்கொள்ளாத காலத்திலேயே புதுமைப்பித்தன் இருக்கிறார். 1943இல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுள் பூமிக்கு வருகிறார். வைகுண்ட வாசலோ மலை உச்சியோ இல்லை, பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கிற முனைக்கு வருகிறார். டிராம் ஓடும் தெரு, ஹோட்டல் காபி, காபியில் சிக்கரி, ரிக்ஷா என்று எல்லாமே விலாசத்தோடு இருக்கின்றன. பிரெத்தோன் செய்ததற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஒரே வித்தியாசம், அங்கே 44 படம், இங்கே ஒன்றும் இல்லை. இன்றைக்கு யாராவது பாரிமுனையில் ஆள் நடமாட்டம் இல்லாத அதிகாலையில் அந்த முனையைச் சும்மா ஒரு படம் எடுத்து, அடியில் கதையின் பக்க எண்ணை மட்டும் போட்டு அச்சிட்டால் போதும். (டிராம் 1953லேயே நின்றுபோனது. பரவாயில்லை, கடவுளும்தான் அதற்குப்பின் வந்ததாகத் தகவல் இல்லை :-)

நம்மூர்க் கதைகளுக்கு ஓவியர்கள்தான் படம் போட்டார்கள். போட்டோ வந்த இடம் வேறு. பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்களின் அட்டை. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. ஒரு பெண்ணின் முகம், அதன் மேல் ஒரு கத்தி, மூலையில் ஒரு மண்டையோடு, பின்னால் எந்த நாட்டிலோ எடுத்த மலை. உள்ளே இருக்கும் கதைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. மான் ரே பார்த்திருந்தால் வேலைக்குக் கூப்பிட்டிருப்பார். இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வால்டர் பெஞ்சமின் 1929இல் சர்ரியலிசம் பற்றி எழுதிய கட்டுரையில் 'நாட்ஜா'வின் படங்களைப் பற்றிச் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான்: ஊரின் தெருக்களையும் சதுக்கங்களையும் அவை ஒரு மலிவு நாவலின் படங்களாக மாற்றிவிடுகின்றன. அவர் அதைப் பாராட்டாகச் சொன்னார்.

இப்போது ஒரு பயிற்சி. 'நாட்ஜா'வைப் போல ஒரு புத்தகத்தை மணலி புதுநகரை வைத்து எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எதை எதைப் படம் எடுப்பது?

ஊர் தெரியாதவர்களுக்காக: மணலி புதுநகர் வேறு, மணலி வேறு. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1960களில் வந்தன. அதற்கு வடக்கே, பொன்னேரி நெடுஞ்சாலையில், சி.எம்.டி.ஏ. திட்டம் போட்டு உருவாக்கிய துணைநகரம்தான் புதுநகர். மறைமலை நகர் மாதிரி. வரைபடத்தில் கோடு கிழித்துப் பிறந்த ஊர் என்பதால் தெருக்கள் நேராக இருக்கும். ஒரு பக்கம் சடையன்குப்பம், ஒரு பக்கம் விச்சூர், இன்னும் போனால் கொசஸ்தலை ஆறு, அந்தப் பக்கம் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள். 2011இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது மணலி வட்டாரமும் சென்னைக்குள் வந்தது. இருந்தாலும் பஸ் ஏறும்போது 'மெட்ராஸுக்குப் போறேன்' என்று சொல்கிறவர்கள் வடசென்னை விளிம்பில் இன்னும் இருக்கிறார்கள்.

முதல் படம் சுலபம். ராத்திரி மொட்டை மாடியிலிருந்து தெற்கே பார்த்து ஆலையின் நெருப்புக் குழாய். மேகம் தாழ்வாக இருக்கிற நாளில் வானத்தின் ஒரு மூலை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஆனால் இந்தப் படத்தைப் போட்டால் பிரெத்தோன் கோபித்துக்கொள்வார். ரொம்ப அழகாக இருக்கிறது. பகலில், வெளிறிய வானத்தில், நெருப்பு இருப்பதே சரியாகத் தெரியாத நேரத்தில் எடுத்தால்தான் கணக்கில் சேரும்.

இரண்டாவது, நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள். பல நாட்டுக் கம்பெனிகளின் பெயர்கள் பக்கவாட்டில் எழுதிய பெட்டிகள். உள்ளே என்ன என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. ஊர் முழுவதும் மூடிய பெட்டிகள் கடந்துபோய்க்கொண்டே இருப்பதைவிடச் சர்ரியலான காட்சியை யாரும் கஷ்டப்பட்டு யோசிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, அந்த விறகு-கரிக் கடை. பாரிஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போகும்போது, அடுத்த கரிக்கடை எந்தத் தெருவில் வரும் என்று தன்னால் முன்கூட்டியே சொல்ல முடிந்ததாக பிரெத்தோன் எழுதுகிறார். வடசென்னையில் இந்தச் சித்தி எல்லோருக்கும் உண்டு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தால் கரி எந்தப் பக்கம் வரும் என்று சொல்லிவிடுவார்கள். சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்கிய காலத்தில் ராயபுரம் வீடுகளின் மொட்டை மாடித் துணிகளுக்கு அந்த விஷயம் தெரியும். உயர் நீதிமன்றம் 2011இல் அங்கே கரி இறக்குவதை நிறுத்தச் சொன்னது. கரி எண்ணூர்ப் பக்கம் போனது. ராயபுரத்தின் மூச்சு சீரானது நல்ல விஷயம். ஆனால் கரி ஒழிந்துவிடவில்லை, விலாசம் மாறியது.

நான்காவது படத்தை எடுக்கவே முடியாது. எடுக்க முடியாததால்தான் அது புத்தகத்தில் இருக்க வேண்டும். மணலி புதுநகரில் அய்யா வைகுண்ட தர்மபதி இருக்கிறது. புரட்டாசியில் பத்து நாள் திருவிழா, தேர். தென்கோடியில் நாஞ்சில் நாட்டில் பிறந்த அய்யாவழி, பிழைப்புத் தேடி வடக்கே வந்தவர்களோடு இந்தத் துணைநகரம் வரைக்கும் வந்திருக்கிறது. அந்த வழிபாட்டில் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு போவார்கள். உள்ளே விக்கிரகம் கிடையாது. இருப்பது நிலைக்கண்ணாடி, அதன் முன்னே விளக்கு. கும்பிடுகிறவர் தன்னைத்தான் பார்க்கிறார். இதைப் போட்டோ எடுக்கப்போனால் என்ன விழும்? கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள் விழுவார். பாரிஸில் சர்ரியலிஸ்டுகள் கண்ணாடியை வைத்து எத்தனையோ விளையாட்டுக் காட்டினார்கள். ஏழை ஜனங்கள் 19ஆம் நூற்றாண்டில், மேல்துண்டும் தலைப்பாகையும் மறுக்கப்பட்ட காலத்தில், தலைப்பாகை கட்டி ஒரு கண்ணாடி முன் நின்றதற்கு முன்னால் அதெல்லாம் கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமாகத்தான் தெரிகிறது.

ஐந்தாவதில்தான் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போகிறது. சுவரில் இருக்கிற தண்ணீர்க் கோடு.

கொசஸ்தலை ஆறு பூண்டியிலிருந்து வருகிறது. பெருமழைக்கு ஏரி நிறைந்து உபரி நீரைத் திறந்தால், அது எண்ணூரில் கடலைச் சேர்வதற்கு முன்னால் இந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். 2021 நவம்பரில் மணலி புதுநகருக்குள் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி வந்தது. வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் ரேஷன் கார்டு, பத்திரம், மார்க் ஷீட், கேஸ் புத்தகம் என்று கையில் அகப்படுவதை மேலே தூக்கிப் போடுவார்கள். கல்யாண ஆல்பம் கனமாக இருக்கும். பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும். அதைத் தூக்குவதற்குள் தண்ணீர் வந்துவிடும்.

கலர் போட்டோவில் நிறங்கள் மூன்று அடுக்காக, ஜெலட்டின் பூச்சுக்குள் இருக்கின்றன. மேலே நீலப்பச்சை, நடுவில் கருஞ்சிவப்பு, அடியில் மஞ்சள். தண்ணீரில் ஊறினால் ஜெலட்டின் உப்பும், கிருமிகள் அதைத் தின்னும், மேலடுக்கு முதலில் கரையும். அதனால்தான் வெள்ளத்தில் நனைந்த போட்டோவின் ஓரங்கள் முதலில் சிவப்பாகி, பிறகு ஆரஞ்சாகி, மஞ்சளாகி, கடைசியில் வெள்ளையாகின்றன. மாப்பிள்ளையின் மாலை இருக்கும், முகம் இருக்காது. மணப்பெண்ணின் கை, எதையோ பிடித்திருக்கும் கை, மஞ்சள் தீக்குள் போய்விடும். பின்னால் ஸ்டுடியோக்காரர் வைத்த செயற்கை அருவி மட்டும் அப்படியே நிற்கும்.

ரவுல் உபாக் என்று ஒரு சர்ரியலிசப் புகைப்படக்காரர், 1930களின் கடைசியில் இதை வேண்டுமென்றே செய்தார். நெகட்டிவைச் சூடுகாட்டி, பூச்சை உருகி வழியவிட்டு, அதிலிருந்து பிரிண்ட் போட்டார். 1939இல் அப்படிச் செய்த 'நெபுலா' என்கிற படத்தில் ஒரு பெண்ணின் உடல் புகையும் குழம்புமாகக் கரைந்து ஓடுகிறது. கலை வரலாற்றுப் புத்தகங்களில் இதற்கு இடம் உண்டு. உருவம் கரைவதில் ஒரு விடுதலை இருப்பதாக எழுதுவார்கள். உபாக்கிடம் மாடல் இருந்தாள், நெகட்டிவ் வேறு இருந்தது, வேண்டாம் என்றால் நிறுத்தவும் முடிந்தது. செத்துப்போன தாத்தாவின் ஒரே படத்தைத் தண்ணீர் உருக்கும்போது அந்த வசதிகள் இல்லை. 1980, 90களில் எடுத்த படங்களின் நெகட்டிவை எந்த வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்? எடுத்த ஸ்டுடியோவே இருக்காது. (பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஜோயி ஹெட்லி முன்னின்று நடத்திய ஒரு திட்டத்தில் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடித்தேடி டிஜிட்டல் ஆக்கினார்கள். பல இடங்களில் கண்ணாடி நெகட்டிவ்கள் எடைக்குப் போகும் நிலையில்தான் இருந்தன.)

இந்த இடத்தில் ஒரு உபயோகமான தகவல். நனைந்த ஆல்பத்தை வெயிலில் விரித்துக் காயவைப்பதுதான் எல்லோரும் செய்வது. அதுதான் செய்யக்கூடாதது. ஒட்டிக்கொண்ட நிலையில் காய்ந்தால் பிரியவே பிரியாது. ஈரமாக இருக்கும்போதே, நல்ல குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெதுவாகப் பிரித்து, படப்பக்கத்தைத் தொடாமல், நிழலில், படம் மேலே பார்க்கிற மாதிரி வைத்து உலர்த்த வேண்டும். இரண்டு நாளைக்குள் செய்யவேண்டும். முடியாது என்றால் பாலிதீன் பையில் போட்டு ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டு, கரண்ட் வந்து, வீடு கழுவி, மூச்சு விட்டபிறகு எடுத்துப் பிரிக்கலாம். ஊரே மூழ்கியிருக்கும்போது ஃப்ரீசருக்குக் கரண்டு எங்கே என்று கேட்டால், நியாயமான கேள்வி. தெரிந்தவர் வீட்டு ஃப்ரீசரைத்தான் தேடவேண்டும்.

ஆறாவது படத்துக்கு ஆற்றுக்குப் போகவேண்டும். வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து செப்பாக்கம் சாம்பல் குட்டைக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் உடையும்போதெல்லாம் அது கொசஸ்தலையில் இறங்கியது. நண்டும் இறாலும் பிடிக்கிற இடம் சாம்பல் நிறச் சேறாகக் கிடக்கும் படங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. 2017 ஜனவரியில் வந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்' வீடியோவில் டி.எம். கிருஷ்ணா அந்த நிலத்தில் நின்றுதான் பாடினார். கேபர் வாசுகி எழுதிய பாட்டு. மேடையில், மைக் முன்னால், பட்டுத்துணிப் பின்னணியில் பார்த்துப் பழகிய கர்நாடக சங்கீதத்தைச் சாம்பல் வெளியில் பார்த்ததில் ஒரு அதிர்ச்சி இருந்தது. பொருந்தாத இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது சர்ரியலிஸ்டுகளின் பால பாடம். அந்த வீடியோவில் அது வேலை செய்தது. காரணம், எதையும் ஜோடிக்கவில்லை. சாம்பல் நிஜச் சாம்பல்.

அதன் பிறகு 2023 டிசம்பர். புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மீனவர்கள் கையிலே மக்கும் வாளியுமாக எண்ணெயை அள்ளினார்கள். வெள்ளையாக இருக்கவேண்டிய கூழைக்கடாக்கள் கறுப்பாக நின்றன. அந்தப் படங்கள் நாடு முழுவதும் போயின. போன இடமெல்லாம் ஒரு வார்த்தையும் கூடவே போனது: 'சர்ரியல்'. எவ்வளவு சர்ரியலாக இருக்கிறது! நம்பவே முடியவில்லை!

இந்த வார்த்தையின்மேல் கொஞ்சம் கோபப்பட வேண்டியிருக்கிறது. பிரெத்தோன் கூட்டம் அந்தச் சொல்லைக் கண்டெடுத்துப் பெரிதாக்கியது, பழகிப்போன நிஜத்தை உடைத்து அதற்குள் இருப்பதைப் பார்க்க. இப்போது அது நேரெதிராக உபயோகமாகிறது. கண்முன்னால் இருப்பதை 'நிஜம் மாதிரியே இல்லை' என்று சொல்லி ஒரு எட்டு தள்ளி நிற்க. காட்டுக்குப்பத்தில் வலையைக் கழுவிக்கொண்டிருந்தவருக்கு அது நம்பமுடியாத காட்சி இல்லை. தோலில் ஒட்டியிருந்தது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. கறுத்த கூழைக்கடாவின் படத்தில் அந்தக் கை இல்லை என்றால், பார்க்கிறவருக்குக் கிடைப்பது ஒரு நல்ல படம். அவ்வளவுதான்.

யார் படத்தில் இருக்கிறார்கள், யார் இல்லை என்கிற கேள்வி 'நாட்ஜா'வையும் விடாது. அந்தப் புத்தகத்தில் கவிஞர்கள் எலுவார், பெரே, தெஸ்னோஸ் முகங்கள் இருக்கின்றன. குறி சொல்கிற அம்மாளின் முகம் இருக்கிறது. ஒரு நாடக நடிகை இருக்கிறார். பிரெத்தோன் தன் படத்தையும் போட்டுக்கொண்டார். நாட்ஜாவின் படம் மட்டும் 1928 பதிப்பில் இல்லை. 1963இல் சேர்த்தபோதும் முழு முகம் கிடைக்கவில்லை. கண்கள் மட்டும், வெட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி.

அந்தப் பெண்ணின் நிஜப்பெயர் லியோனா தெல்கூர். லில் நகரப் பக்கத்து ஏழைக் குடும்பம். 1926 அக்டோபர் 4ஆம் தேதி பாரிஸ் தெருவில் பிரெத்தோனைச் சந்தித்தாள். பத்துப் பன்னிரண்டு நாள் அவர்கள் சேர்ந்து அலைந்ததுதான் புத்தகத்தின் நடுப்பகுதி. அவள் வரைந்த படங்களையும் எழுதிய வரிகளையும் அவர் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டார். 1927 மார்ச்சில் அவளை மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. மனநோய் மருத்துவத்தைத் திட்டிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதினார், அது வேறு விஷயம். புத்தகம் வந்து புகழ்பெற்றது. லியோனா வெளியே வரவே இல்லை. வடக்கே பையோல் என்கிற ஊரின் மருத்துவமனையில் 1941 ஜனவரியில் இறந்தபோது வயது 38. ஹெஸ்டர் அல்பாக் என்கிற டச்சு எழுத்தாளர் ஆவணங்களைத் தோண்டி அவள் வாழ்க்கையை 2009இல் புத்தகமாகக் கொண்டுவரும் வரைக்கும் அவள் பெரும்பாலான வாசகர்களுக்கு ஒரு கற்பனைப் பாத்திரம்தான். ஹோட்டல் வாசலுக்கு விலாசம் இருந்தது. அவளுக்கு இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காலித் தெருக்களை மறுபடி பார்த்தால், எக்ஸ்ரே டாக்டரின் நிதானம் அவ்வளவு ரசமாக இல்லை. படங்கள் அதே படங்கள்தான். புத்தகம் நல்ல புத்தகம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆளில்லாத தெரு என்பது வெறும் உத்தி இல்லை, அங்கிருந்து ஒரு ஆள் போயிருக்கிறாள்.

மணலி புதுநகர் நாட்ஜாவுக்கு ஏழாவது படத்தை யார் எடுப்பது என்று யோசிக்கும்போது பழனிக்குமார் ஞாபகம் வருகிறார். மதுரைப் பக்கத்துக்காரர். அம்மா மீன் விற்றவர். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழியில் இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய் அந்தக் குடும்பங்களைப் படம் எடுத்தவர். 2022இல் தயனிதா சிங்–பாரி விருது வாங்கியவர். அவர் படங்களில் சாவு நடந்த இடம் முக்கியமில்லை. செத்தவரின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் மனைவியோ பிள்ளையோதான் முக்கியம். படத்துக்குள் ஒரு படம், அடியில் பெயர். புவாஃபார் விட்டுவிட்டதை இவர் எடுக்கிறார் என்று சொல்லலாம். இருவரையும் ஒரே வரியில் எழுதுவது அவருக்குப் பிடிக்குமோ என்னவோ.

அவர் செய்கிற இன்னொரு வேலைதான் இங்கே முக்கியம். வடசென்னைப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துச் சொல்லித்தருகிறார். அந்தப் பிள்ளைகள் எடுத்த படங்கள் கண்காட்சிக்கும் வந்திருக்கின்றன. வெளியிலிருந்து வருகிறவர்கள் புகைபோக்கியைத் தேடுவார்கள். இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் வேலை செய்கிற அம்மாவை எடுக்கிறார்கள், அப்பாவை எடுக்கிறார்கள், வீட்டு வாசலை எடுக்கிறார்கள். புகைபோக்கி இருந்தால் பின்னால் எங்கேயோ, கொஞ்சம் ஃபோக்கஸ் இல்லாமல் இருக்கும். அதற்கு அடியில் பக்க எண் தேவைப்படுவதில்லை. எடுத்த பிள்ளையைக் கேட்டால் படத்தில் இருப்பவர் யார், எந்தத் தெரு, அன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் சொல்லிவிடும்.